‘நாளை’ என்னும் பல்லவி: நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் ஆக்கமும் மொழியும்

1. முன்னுரை

வரலாற்றிலிருந்தோ தொன்மத்திலிருந்தோ ஒரு கதையை எடுத்து இசைநாடகமாக்க முற்படும் ஆசிரியர் இருவகைப் பணிகளைச் செய்கிறார். மூலக் கதையைச் சுருக்கியும் விரித்தும் மேடைக்கு ஏற்ப அமைப்பது ஒன்று. மூலத்தில் பேசாதிருந்த மாந்தரைப் பேசவைப்பது மற்றொன்று. முதற்பணியைப் பற்றி இலக்கிய ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். இரண்டாவது பணி மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியது. யார் யாரை எச்சொல்லால் விளிக்கிறார், யாருடைய பேச்சு இலக்கண வரம்புக்குள் நிற்கிறது, யாருடைய பேச்சு அதை மீறுகிறது என்னும் வினாக்கள் இப்பணியில்தான் எழுகின்றன.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இவ்வினாக்களுக்கு வளமான சான்றாகும். பக்திக் காவியம் ஒன்றில் 37 செய்யுட்களில் அடங்கிய கதை, இரவுக்கிரவு மக்கள் கூடிக் கேட்கும் இசைப்படைப்பாக மாறியது. அம்மாற்றத்தில் கதையின் காரணகாரியத் தொடர்பே வேறாயிற்று என்பதும், அவ்வேறுபாட்டைச் செய்தது பெரும்பாலும் மொழியே என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள். தலைப்பிலுள்ள ‘சரித்திரம்’ என்னும் சொல்லும் நினைவில் கொள்ளத்தக்கது. அக்கால வழக்கில் அது ஒருவருடைய வாழ்க்கைக் கதையைக் குறித்தது. வரலாறு வேறு, தொன்மம் வேறு என்று இன்று நாம் பிரிக்கும் பிரிவு அச்சொல்லுக்குள் இல்லை.

2. மூலங்கள்

கதையின் வித்து சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் உள்ளது. அங்கே திருநாளைப்போவார் என்னும் பெயர் மட்டுமே கிடைக்கிறது. நம்பியாண்டார் நம்பி தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு செய்யுளை அவருக்கு ஒதுக்கி, அவருடைய ஊர் ஆதனூர் என்பதையும், பிறந்த குலத்தையும், தில்லையில் அருள் பெற்றதையும், தில்லை மூவாயிரவர் அவரைத் தொழுததையும் கூறுகிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதனை 37 செய்யுட்களாக விரித்தார்.

சேக்கிழார் காட்டும் நந்தனார் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் அளிப்பவர். திருப்புன்கூரில் அவர் இறைவனைக் காண்பதற்காக நந்தி விலகுகிறது. அவர் அங்கே குளம் ஒன்றைத் தோண்டுகிறார். தில்லைக்குச் செல்லும் ஆசை எழும்போதெல்லாம் தம் பிறப்பு அதற்கு இசையாது என்று எண்ணி நின்றுவிடுகிறார். மீண்டும் ஆசை எழ, நாளைப் போவேன் என்கிறார். பல நாள் இவ்வாறு கழிந்தபின் தில்லை எல்லையை அடைகிறார். இறைவன் கனவில் ஆணையிடத் தீயில் மூழ்கி, முனிவர் வடிவில் எழுந்து, அம்பலத்துள் புகுந்து மறைகிறார்.

இங்கே இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, நந்தனார் தம் உணவுக்குப் பறைத்துடவையைச் சார்ந்திருந்தார் என்று சேக்கிழார் குறிப்பிடுகிறார். பறைத்துடவை என்பது பறைத் தொழிலுக்காக ஊரில் விடப்பட்ட நிலம். ஆகவே சேக்கிழாரின் நந்தனார் ஊர்ப்பொதுப் பணியாளர். தனி ஒருவருக்கு ஆட்பட்டவர் அல்லர். இரண்டாவது, அவருடைய பயணத்தைத் தடுக்கும் மனிதர் எவரும் பெரியபுராணத்தில் இல்லை. தடை அவருடைய உள்ளத்திலேயே இருக்கிறது. பிறப்பைப் பற்றிய சமூக விதியை அவரே தமக்குள் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

3. ஆசிரியரும் காலமும்

கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்தவர். முடிகொண்டானிலும், பின்னர் மாயவரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். கருநாடக இசையோடு இந்துஸ்தானி இசையையும் கற்றவர். அவர் வாழ்க்கையைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி உ.வே. சாமிநாதையர் எழுதியவற்றால் கிடைத்தவை. ஐயர் இளமையில் மாயவரத்தில் பாரதியாரிடம் சில காலம் இசை பயின்றவர்.

பாரதியாருக்கு முன்பே தமிழில் இசைநாடகத்துக்கு ஒரு முன்மாதிரி இருந்தது. சீகாழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) கம்பராமாயணத்தை அடியொற்றி இராம நாடகக் கீர்த்தனை இயற்றினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பு நீண்ட கதையைத் தாங்கவல்லது என்பதை அந்நூல் மெய்ப்பித்தது. ஆயினும் கவிராயருக்கு எல்லா மாந்தரும் பேசும் மாபெரும் மூலம் ஒன்று கையில் இருந்தது. பாரதியாருக்கு இருந்தவை 37 செய்யுட்கள்; அவற்றுள் உரையாடல் மிகக் குறைவு.

தஞ்சை மராட்டியர் ஆட்சியில் பரவிய கீர்த்தன மரபு மற்றொரு பின்புலமாகும். நந்தனார் சரித்திரத்தில் வெண்பாவும் விருத்தமும் வருகின்றன. நொண்டிச்சிந்தும் ஆனந்தக்களிப்பும் வருகின்றன. மராட்டியத்திலிருந்து வந்த லாவணியும் வருகிறது. புலவர் யாப்பும், தெருவில் பாடும் யாப்பும், அயல்மொழி யாப்பும் ஒரே நூலுள் அடுத்தடுத்து நிற்பது காவிரிக் கழிமுகத்தின் அன்றைய பன்மொழிச் சூழலைக் காட்டுகிறது.

நூல் அச்சேறியது 1860களின் தொடக்கத்தில். காரைக்காலில் பணியாற்றிய சீஸே என்னும் பிரெஞ்சு அதிகாரி இக்கதையில் ஈடுபட்டு அச்சிட உதவினார் என்பது சாமிநாதையர் தரும் செய்தி.

4. வேதியரின் வருகை

பாரதியார் கதைக்குள் புதிதாகக் கொண்டுவந்த மாந்தருள் தலையானவர் வேதியர். இவர் ஆதனூரின் நிலக்கிழார், நந்தனாரின் ஆண்டை. தில்லைக்குச் செல்ல நந்தனார் இவரிடம் விடை கேட்கிறார். இவர் மறுக்கிறார், ஏசுகிறார். இறுதியில், நாற்பது வேலி நிலத்தின் பயிர்வேலையை முடித்துவிட்டால் போகலாம் என்கிறார். நடக்கவியலாத நிபந்தனையாக வைக்கப்பட்ட இது ஒரே இரவில் இறையருளால் நிறைவேறுகிறது. விளைந்து நிற்கும் பயிரைக் கண்ட வேதியர் நந்தனாரின் காலில் விழுகிறார்.

ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர். எனவே நாற்பது வேலி என்பது 260 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. ஒரு காவியப் புலவர் இவ்விடத்தில் எண்ணிலடங்கா என்றோ கடல்போன்ற என்றோ பாடியிருக்கலாம். பாரதியார் தஞ்சை மிராசுதாரின் கணக்குமொழியில் பேசுகிறார். கேட்டவர்களுள் நிலமுடையவருக்கும் அதில் உழைத்தவருக்கும் அந்த எண் உடனே விளங்கும். அற்புதத்தின் அளவை நில அளவையால் உரைத்தமையால், அற்புதம் நிகழ்ந்த களம் சோழர் காலத்திலிருந்து கேட்போரின் சொந்த ஊருக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது.

இதன் வரலாற்றுப் பின்னணி தெளிவானது. அடிமை உடைமைக்கு இருந்த சட்ட ஏற்பை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நீக்கிற்று. ஆனால் தஞ்சை வயல்களில் பண்ணையாள் முறை அச்சட்டத்தோடு முடிந்துவிடவில்லை. பண்ணையாள் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் ஒன்று 1952இல் இயற்றப்பட வேண்டியிருந்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் வேதியர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது ‘நாளை’ என்னும் சொல்லைக் கவனிப்போம். சேக்கிழாரில் நந்தனார் நாளை என்பது தம் தயக்கத்தால். பாரதியாரில் அவர் நாளை என்பது ஆண்டை விடாமையால். சொல் அதுவே, அதன் காரணம் உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. பிறப்பு என்னும் விதியின் இடத்தில் உழைப்பை உரிமை கொண்டாடும் ஒருவர் வந்து நிற்கிறார். அவருக்கு வாயும் குரலும் உண்டு. அவரிடம் வாதாடலாம்.

இம்மாற்றத்துக்குக் கீர்த்தனை வடிவம் பெரிதும் இடந்தந்தது. திருநாளைப்போவார் என்பது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு கூற்றிலிருந்து பிறந்த பட்டப்பெயர். பல்லவியும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கூற்றுத்தான். மூலக் கதையின் பெயருக்குள்ளேயே ஒரு பல்லவி ஒளிந்திருந்தது. பாரதியார் அதைக் கண்டுகொண்டார். ஒவ்வொரு சரணமும் வேறொரு காரணத்தைச் சொல்லிவிட்டு அதே விண்ணப்பத்துக்கு மீளும்போது, தள்ளிப்போடப்பட்ட வாழ்வு ஒன்றின் உணர்வைப் பாட்டின் கட்டமைப்பே தந்துவிடுகிறது.

5. ஒரு குரல், பல மாந்தர்

இந்நூல் முதலில் கதாகாலட்சேபத்துக்காகவே எழுந்தது. கதை சொல்பவர் ஒருவரே. அவரே நந்தனார், அவரே வேதியர், அவரே சேரியின் முதியவர். வேடம் இல்லை, திரை இல்லை. ஆகவே மாந்தரை வேறுபடுத்தும் பொறுப்பு முழுவதும் இசையின்மீதும் மொழியின்மீதும் விழுந்தது.

மொழி அப்பொறுப்பை விளிகளாலும் மூவிடப் பெயர்களாலும் நிறைவேற்றுகிறது. நந்தனார் ‘ஐயே’ என்று தொடங்கினால் பேசுபவர் இன்னார் என்பது அடுத்த சொல் வருமுன்னே விளங்கும். வேதியரின் ‘அடா’வும் ‘நீ’யும் அவ்வாறே. ஒருவர் பிறரை விளிக்கும் முறையால் தம்மையே அடையாளம் காட்டிக்கொள்வது தமிழ்ச் சமூகப் பேச்சின் இயல்பு. அவ்வியல்பை நாடக உத்தியாக்கியதுதான் ஆசிரியரின் திறம். இங்கு விளியே வேடம் எனலாம்.

இதற்கு மற்றொரு விளைவும் உண்டு. கதை சொன்னவர்கள் பெரும்பாலும் உயர்சாதிப் பாகவதர்கள். அவர்கள் அவையின் நடுவே நின்று ‘ஐயே’ என்று கெஞ்ச வேண்டியிருந்தது; அடுத்த நொடியில் வேதியராக மாறி ஏச வேண்டியிருந்தது. ஏச்சு மேடையில் ஒலித்தபோது அது கேட்போரின் வீட்டுவழக்காகவும் இருந்தது. தம் வழக்கைத் தாமே வெளியிலிருந்து கேட்கும் நிலை அவையோருக்கு ஏற்பட்டது. இதனால் அவர்கள் மனம் மாறினர் என்று கூற இயலாது. ஆனால் கேட்டனர் என்பது உறுதி.

6. பிழை எனப்பட்டவை

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை (1815–1876) நாடினார். பிள்ளையவர்கள் தயங்கினார். கதை பெரியபுராணத்திலிருந்து மாறுபட்டிருந்தது. நடையில் இலக்கண வழுக்கள் இருந்தன. பாரதியார் பலமுறை வந்தும் பாயிரம் கிடைக்கவில்லை. ஒருநாள் பிள்ளையவர்கள் பகலுறக்கத்தில் இருந்தபோது பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். விழித்துக் கேட்ட பிள்ளையவர்கள் உருகினார், பாயிரமும் அளித்தார். சாமிநாதையர் பதிவுசெய்த இந்நிகழ்ச்சி பலரும் அறிந்தது.

இதை இசை இலக்கணத்தை வென்ற கதையாகச் சொல்வது வழக்கம். மொழியியல் நோக்கில் வேறொன்று தோன்றுகிறது. கண்ணால் படித்தபோது வழுவாகப் பட்டது, காதால் கேட்டபோது வழுவாகப் படவில்லை. எழுத்துமொழிக்குரிய அளவுகோலால் பேச்சுமொழி சார்ந்த படைப்பு ஒன்றை அளந்ததனால் எழுந்த இடர் இது.

இரண்டொரு வடிவங்களைக் காண்போம். நூலின் புகழ்பெற்ற விண்ணப்பம் ஒன்று ‘வருகலாமோ’ என்னும் வினையில் தொடங்குகிறது. எழுத்துவழக்கில் இது ‘வரலாமோ’ என்றிருத்தல் வேண்டும். போகல் – போகலாம், ஆகல் – ஆகலாம் என்னும் இணைகளின் ஒப்புமையால் வருகல் – வருகலாம் என்னும் வடிவம் ஆக்கப்பட்டதாகக் கொள்ளலாம். குழந்தைமொழியிலும் வட்டார வழக்கிலும் இத்தகைய ஒப்புமையாக்கம் இயல்பு. இங்கே அது தரும் பயன் தாளம் சார்ந்தது. வினையடிக்கும் ‘ஆமோ’ என்னும் அனுமதி வினாவுக்கும் இடையே ஓர் அசை நீள்கிறது. கேட்கவே அஞ்சுபவர் கேள்வியை அடையுமுன் ஒரு கணம் நிற்பதுபோல் அது ஒலிக்கிறது. வரலாமோ என்று திருத்தினால் இலக்கணம் நேராகும். அந்தத் தயக்கம் மறையும்.

அவ்வாறே, ‘மிக’ என்பதனிடத்தில் ‘மெத்த’ வருகிறது. அவருடைய தனிக்கீர்த்தனையில் ‘எப்பொழுது’ என்பது ‘எப்போ’ ஆகிறது. ‘உத்தரவு’ என்று நாம் வழங்கும் பொருளில் ‘உத்தாரம்’ என்னும் சொல் வருகிறது. இச்சொல் அலுவல் வழக்கின் மணம் உடையது. கோயிலுக்குச் செல்ல விரும்பும் அடியார் தம் ஆண்டையிடம் அலுவலகச் சொல்லால் விடை கேட்கிறார் என்பது சிறிய செய்தி அன்று. பக்தியும் ஆட்சியும் ஒரே சொற்றொகுதிக்குள் சிக்கியிருந்த உலகத்தை அச்சொல் காட்டுகிறது.

சாமிநாதையர் இசை பயில்வதைப் பிள்ளையவர்கள் விரும்பவில்லை. இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்தில் கருத்து ஊன்றாது என்று அவர் கருதினார். மாணவர் இசைப்பயிற்சியை விட்டார். அம்மாணவரே பிற்காலத்தில் பாரதியாரின் வாழ்க்கையை எழுதி நமக்கு அளித்தார். இரண்டு மொழி மரபுகளுக்கிடையே இருந்த வேலியையும், அதில் இருந்த வாயிலையும் அவர் வாழ்க்கையே காட்டுகிறது.

7. மேடைக்கு வெளியே

காலட்சேபத்திலிருந்து நாடகக் குழுக்களுக்கும், அங்கிருந்து திரைப்படத்துக்கும் இக்கதை சென்றது. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது அந்நாளில் பெருஞ்செய்தி. 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ எம்.எம். தண்டபாணி தேசிகரை நந்தனாராகக் கொண்டு வந்தது. இவ்வளவில் வேதியர் பெரியபுராணத்திலேயே உள்ளவர் என்று நம்புவோர் பெருகினர். படைப்பு மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

சுப்பிரமணிய பாரதியார் இந்நூலின் மெட்டுகளைச் சுதேசி இயக்கப் பாடல்களுக்குப் பயன்படுத்தியது மொழியியலார் நோக்கில் இன்னும் சுவையானது. வேதியர் நந்தனாரை ஏசும் பாட்டின் வர்ணமெட்டிலேயே, விடுதலை விரும்பும் இந்தியனை ஆங்கிலேய அதிகாரி ஏசுவதாக அவர் ஒரு பாட்டு அமைத்தார். மெட்டைக் கேட்டவுடன் ஆண்டையின் குரல் நினைவுக்கு வரும். அக்குரல் இப்போது ஆட்சியாளரின் வாயில் இருக்கும். ஏச்சின் இலக்கணம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்ப்பு என்பது மொழிகளுக்கிடையே மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று காண்பதரிது.

கதையை ஏற்காத குரல்களும் எழுந்தன. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) நந்தனைப் பௌத்த அரசனாகக் கண்டு வேறொரு வரலாறு எழுதினார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்வி நிறுவனம் கண்டார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ (1978) தீயில் புகுந்த காட்சியை அருளாகக் காணாமல் சூழ்ச்சியாகக் காண்கிறது. பாரதியார் ஆண்டையை மேடையேற்றினார். ஆனால் தீயை அணைக்கவில்லை. அவருடைய நந்தனாரும் தம் பிறப்பைத் தீயில் விட்ட பின்னரே அம்பலத்துள் நுழைகிறார். அவ்வெல்லையையும் சேர்த்தே இந்நூலை மதிப்பிட வேண்டும்.

8. மொழிபெயர்ப்பில் எழும் வினாக்கள்

மைசூரில் இருந்து இக்கதையைப் பற்றி எண்ணும்போது அது அயலார் கதையாகத் தோன்றுவதில்லை. அருகிலுள்ள நஞ்சன்கூடு ஸ்ரீகண்டேசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் திருமேனிகள் வரிசையாக நிற்கின்றன. ஆதலின் கன்னடத்தில் இந்நூலைப் பெயர்த்தால் எப்படியிருக்கும் என்று கன்னட நண்பர் ஒருவருடன் சில பாடல்களை முயன்று பார்த்தேன். அம்முயற்சியில் கண்டவை இவை.

தமிழின் ‘-லாமா’, ‘-லாமோ’ என்னும் வடிவங்கள் அனுமதியையும் தகுதியையும் இயலுமையையும் ஒருங்கே வினவும். நந்தனார் கேட்பது ‘எனக்கு விடை உண்டா’ என்பதா, ‘நான் வருவது தகுமா’ என்பதா? இரண்டுமே. முதல் கேள்வி பாரதியாரின் உலகுக்கு உரியது. இரண்டாவது சேக்கிழாரின் உலகுக்கு உரியது. ஒரு விகுதிக்குள் இரு நூற்களும் அடங்கியிருக்கின்றன. கன்னடத்தின் ‘பரபஹுதே’ இவ்விருபொருளை ஓரளவு காக்கிறது. தெலுங்கின் ‘ராவச்சா’வும் அவ்வாறே. ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த அளவில் கதையும் ஒருபுறம் சாய்ந்துவிடும்.

விளிகளில் இடர் வேறுவகையானது. ‘ஐயே’ என்பதற்குக் கன்னடத்தில் ‘ஸ்வாமி’, ‘தணி’ என்னும் இரு சொற்களை எண்ணினோம். முதலாவதை இறைவனுக்கும் கூறலாம். இரண்டாவது முதலாளிக்கே உரியது. தமிழிலோ நந்தனார் ஆண்டையிடமும் ஆடவல்லானிடமும் ஏறக்குறைய ஒரே பணிவுமொழியில் பேசுகிறார். அவ்வொருமையைக் காப்பதா, வேறுபாட்டைத் தெளிவாக்குவதா என்பதில் எங்களுக்குள் முடிவு எட்டவில்லை.

இதனோடு ஒப்பிடத்தக்கது, மைசூரில் வாழ்ந்து எழுதிய குவெம்புவின் ‘ஜலகார’ என்னும் கன்னட நாடகம் (1928). அதில் துப்புரவுத் தொழிலாளி கோயிலுக்குள் செல்வதில்லை. சிவன் துப்புரவாளர் வடிவில் அவரிடம் வருகிறான். நந்தனார் கேட்ட ‘வருகலாமோ’ என்னும் வினாவை இந்நாடகம் இறைவன் பக்கம் திருப்பிவிடுகிறது எனலாம்.

9. முடிவுரை

தொன்மத்தை இசைநாடகமாக்கிய பாரதியார் மூலத்திலிருந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அதற்கு எதிரே பேச ஒருவரைப் படைத்தார். அவ்வுரையாடலுக்குத் தேவைப்பட்ட மொழியைத் தஞ்சை வயல்களிலும் தெருக்களிலும் இருந்து எடுத்தார். அந்த மொழியையே அக்காலப் புலமை பிழை என்றது. அப்பிழைகள் திருத்தப்பட்டிருந்தால் வேதியரும் நந்தனாரும் ஒரே நடையில் பேசியிருப்பர். அவர்களுக்கிடையேயிருந்த தூரம் கேட்போருக்குப் புலப்பட்டிராது.

பதிப்பாளரும் மொழிபெயர்ப்பாளரும் இத்தகைய நூல்களைக் கையாளும்போது ஒன்றை நினைவில் கொள்வது நலம். ஒரு வடிவம் வழு என்று தோன்றினால் அதைத் திருத்துமுன் அதை வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும். திண்ணையில் அமர்ந்திருந்தவர் அன்று தம் நூலுக்காகச் செய்த வாதமும் அதுதான்.